ரத வீதியில் இடம் சுற்றிய கார்

தென்காசி ரயிலடியில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் மந்திரமூர்த்தியைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. அவர் காரில் ஏறினால் கவலையில்லாமல் தூங்கிக்கொண்டே போகலாம் என்பது ஒரு கட்சி. அவர் காரில் ஏறினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் தூங்கி எழுந்து பல்லும் விளக்கிவிடலாம் என்பது மறு கட்சி. இரண்டும் அவர் காதில் விழும்படியாகவே பேசப்பட்டன. அவரோ காரின் முன்மூடியைத் தூக்கி, காலையில் துடைத்ததையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு எவரும் தொழில் சொல்லிக்கொடுத்ததில்லை. புளியங்குடி எலுமிச்சை மண்டிகளிலிருந்து வெளியூர் போகும் லாரிகளைக் கழுவும் வேலையில் இருந்தபோது, டிரைவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் பார்த்துப் பார்த்தே எஞ்சினின் போக்கை மனத்தில் வாங்கிக்கொண்டவர். பிறகு உரிமம் எடுத்து, செங்கோட்டைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், முதலாளியின் காரில் முன்சக்கரத்தில் ஒரு சத்தம் கேட்பதாக அவரிடம் போய்ச் சொன்னார். “சத்தம் போடாத வண்டி எங்கலே இருக்கு? ஓட்டு” என்றார் முதலாளி. ஆரியங்காவைத் தாண்டிய இறக்கத்தில், ஒரு வளைவில், அந்தச் சக்கரம் காரை விட்டுக் கழன்று தனியே உருண்டு போயிற்று. கார் சரிவில் இறங்கி ஒரு மரத்தில் முட்டி நின்றது. பின் இருக்கையில் இருந்த எஸ்டேட் கணக்குப்பிள்ளைக்கு ஒரு கால் போய்விட்டது. விசாரணையில் முதலாளி, டிரைவர் தம்மிடம் எதையும் சொன்னதே இல்லை என்றும், ஓட்டும்போது கண்ணயர்ந்திருக்க வேண்டும் என்றும் வாக்குமூலம் கொடுத்தார். மந்திரமூர்த்தி சொன்ன சமயத்தில் அருகில் வேறு எவரும் இல்லை. அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். ‘கண்ணயர்ந்தவன்’ என்ற பெயர் உரிமம் திரும்பி வந்த பிறகும் போகவில்லை.

பின்னாளில் பழைய கறுப்புக் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியபோது, அவர் இரண்டு நியமங்களை வைத்துக்கொண்டார். ஒரு நட்டு மாற்றினாலும் மெக்கானிக்கிடம் சீட்டு எழுதி வாங்கித் தகரப்பெட்டியில் வைப்பது ஒன்று. எந்தச் சவாரிக்கும் மலை ஏறுவதில்லை என்பது மற்றொன்று. குற்றாலம், கடையம், புளியங்குடி, திருநெல்வேலி என்று சமவெளியிலேயே அவர் பிழைப்பு நடந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. சீசன் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தருவியில் குளித்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மந்திரமூர்த்தி இறங்கி வந்தார். பின்னால் ஈரத் துண்டும் எண்ணெய் வாசனையும் குழந்தைகளின் கூச்சலுமாக இருந்தது. சாலை இடப்பக்கம் வளைந்தது. அப்போது அவருடைய காலுக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது.

டிக். சற்று விட்டு மறுபடியும், டிக்.

பாக்குவெட்டியில் பாக்கு உடைவது போன்ற சின்னச் சத்தம். குழந்தைகளின் கூச்சலில் வேறு எவருக்கும் அது கேட்டிருக்காது. மந்திரமூர்த்திக்குக் கேட்டது. ஆறு வருஷத்துக்கு முன் கேட்ட அதே சத்தமா, வேறு சத்தமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கணக்குப்பிள்ளை அலறியது மட்டும் சுத்தமாகக் காதில் கேட்டது. வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்களின் எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் முறுக்கிப் பார்த்தார். ஒன்றுகூடத் தளரவில்லை.

இதை எவரிடம் சொல்வது? சத்தம் போடும் வண்டி என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் சீசன் முழுவதும் அந்த வண்டியில் ஈ ஏறாது. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகவே தனியாகத் தேடினார். பயந்தவன் தேடுகிற மாதிரி, ஒன்றையும் நம்பாமல் தேடினார். ஆளில்லாத வண்டியை ஐந்தருவிச் சாலையின் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருளவிட்டார். சத்தமே இல்லை. குளிக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு அதே இறக்கத்தில் அணைத்து உருட்டினார். டிக். ஆகவே எஞ்சின் அல்ல. பாரம் ஏறினால்தான் அது பேசுகிறது. பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பார்த்தார், மாற்றமில்லை. வலப்பக்கம் திரும்பினால் நின்றது, இடப்பக்கம் திரும்பினால் வந்தது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் கனம் வலப்பக்கச் சக்கரங்களில் விழும். வலப்பக்க முன்சக்கரம் அவர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருந்தது.

அந்த நேரத்தில்தான் தில்லைநாயகம் பிள்ளை ரயிலடிக்கு வந்தார். தென்காசிக் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதியில் வீடும், வயற்காடும் உடையவர், மனைவியை இழந்தவர். அவருடைய ஒரே மகள் நாச்சியாரை ஆரியங்காவு மலை தாண்டி, புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும்.

“புதன்கிழமை காலம்பற கிளம்பணும் மூர்த்தி. ஏழரைக்கு எமகண்டம், அதுக்குள்ள ஊரத் தாண்டீரணும். கூட ஒரு பொம்பள தொணை வேணும்லா, ஒம் பொஞ்சாதியையும் கூட்டியா” என்றார்.

“அண்ணாச்சி, நான் மலைக்குப் போறதில்ல. ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்டே. மத்தவனுவ வளைவுல பறக்கான். புள்ளத்தாச்சிய அவனுவகிட்ட நம்பி விடச் சொல்லுதியா? பையப் போற வண்டி ஒன் வண்டி ஒண்ணுதான்.”

மந்திரமூர்த்தியால் மறுக்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு நேராக மெக்கானிக் நயினார் அண்ணாச்சியின் பட்டறைக்குக் காரை ஓட்டினார். சொன்னால் சாட்சியோடு சொல்ல வேண்டும் என்று, டீக்கடையில் நின்ற சக டிரைவர் சங்கிலிப்பாண்டியையும் கூட்டிக்கொண்டார். சாப்பாட்டுத் தூக்குடன் எதிரே வந்த மனைவி சந்தனமாரியும் ஏறிக்கொண்டாள்.

“வலது முன்சக்கரத்துல சத்தம். நான் சொல்லுதேன், இவங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிடட்டும்” என்றார் மந்திரமூர்த்தி.

“நீரு என்ன வே, மெக்கானிக்கிட்ட வந்தீரா, கோர்ட்டுக்கு வந்தீரா?” என்று நயினார் சிரித்துக்கொண்டே ஜாக்கியைக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுற்றினார். உள்ளேயிருந்து ‘கிளுக், கிளுக்’ என்றது.

நயினார் சக்கரத்தில் நட்டுகளுக்கு நடுவே இருந்த சின்ன வீல் கப்பை நெம்பிக் கழற்றினார். மஞ்சள் துணிக் கிழிசலோடு ஒரு செப்புக் காசு மண்ணில் விழுந்து உருண்டது.

சந்தனமாரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“ஏட்டி, இது என்னது?” என்றார் மந்திரமூர்த்தி.

“திட்டாதீங்க. ஆயுத பூசை அன்னைக்கு நான்தான் வச்சேன். ஆரியங்காவு சாஸ்தாவுக்கு நேர்ந்து முடிஞ்ச காசு. நீங்க என்னைக்காவது ஒருநாள் அந்த மலைக்குப் போவ வேண்டி வரும்லா? நல்லபடியா ஏறுனா அங்க கொண்டு போடுதேன், அதுவரைக்கும் சக்கரத்த நீதான் பாத்துக்கிடணும்னு சாமிகிட்டச் சொல்லி வச்சேன். துணி இத்துப் போச்சு போலிருக்கு.”

சங்கிலிப்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “சாஸ்தாவே சக்கரத்துல உக்காந்து தாளம் போடுதாரு, இவரு எமன் வந்துட்டான்னு வேர்த்துக்கிட்டு நிக்காரு! இனிமே பிரேக்கு எதுக்கு அண்ணாச்சி ஒமக்கு?”

நயினார் சிரிக்கவில்லை, நேர்ச்சைக் காசு என்றதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். புதுத் துணியில் பஞ்சு வைத்துச் சுற்றி, நூலால் இறுகக் கட்டி, அசையாதபடி கப்புக்குள் செருகினார். நேர்ந்த காசை நேர்ச்சை முடியுமுன் வெளியே போடலாகாது என்பதில் அங்கு இருந்த எவருக்கும் இரண்டாவது எண்ணம் இருக்கவில்லை. நட்டுகளை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கப்பை அடித்து மூடினார். சக்கரத்தைச் சுற்றினார். பூனை நடப்பது போலச் சத்தமில்லாமல் சுற்றியது.

அன்று மாலை முழுவதும் மந்திரமூர்த்தி சிரித்த முகத்தோடு இருந்தார். மறுநாள் பேரருவிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனார். கடைத்தெரு திருப்பத்தில், இடப்பக்கம்.

டிக்.

வெயில் அடித்துக்கொண்டே சாரல் விழுந்தது. கண்ணாடியில் அதைத் துடைக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை. காலியாகத் திரும்பி வந்து நயினாரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவில் ஓட்டிக்காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

“வண்டியில சத்தம் இல்ல வே. ஒம்ம காதுல இருக்கு. ஆறு வருசமா இருக்கு. மீறிக் கேட்டாலும் அந்தக் காசு கொஞ்சம் அசைஞ்சிருக்கும், அவ்வளவுதான்” என்றார் நயினார், பரிவோடுதான்.

அதுதான் மந்திரமூர்த்தியை அதிகமாக உலுக்கியது. நயினார் சொல்வது உண்மையாக இருந்தால்? பழைய பயம் காதில் குடியேறி, இல்லாத சத்தத்தை உண்டாக்குகிறதென்றால், இனி எந்தச் சத்தத்தை நம்பி வண்டி ஓட்டுவது? உண்மை இல்லையென்றால், புதன்கிழமை அந்த வளைவில் காரில் இருக்கப்போவது ஒன்பது மாதக் கர்ப்பிணியும் தன் மனைவியும்.

புதன்கிழமை விடிந்ததும் அவர் காரைத் தில்லைநாயகம் பிள்ளையின் வாசலில் நிறுத்தினார். சந்தனமாரி வெற்றிலை, பூவுடன் பின்னால் இருந்தாள். நயினாரையும் வரச்சொல்லியிருந்தார். பிள்ளை விபூதி பூசிப் புறப்படத் தயாராக வெளியே வந்தார்.

“அண்ணாச்சி, ஒரு காரியம். நெல்லுக் குதிலுக்குப் பக்கத்துல மூட்டை கிடக்குல்லா, அதை வண்டியில ஏத்தணும்.”

“புள்ளையக் கூப்பிடப் போறோமா, நெல்லு விக்கப் போறோமா?”

“முன்சக்கரத்துல ஒரு சத்தம் இருக்கு, நாலு பேரு கனம் ஏறுனாத்தான் வரும். ஆளை ஏத்திப் பாக்க எனக்கு மனசு வரல.”

பிள்ளை நயினாரைப் பார்த்தார். நயினார் வானத்தைப் பார்த்தார். ஆனாலும் சந்தனமாரி இறங்கிக்கொள்ள, பண்ணையாள்கள் மூட்டைகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். மந்திரமூர்த்தி மனைவியிடம் திரும்பினார்.

“ஏட்டி, அந்தக் காச எடுத்துரு.”

“நேர்ச்சை முடியாம எப்படிங்க எடுக்கது? இன்னைக்குத்தான் மலைக்கே போறோம்...”

“அது உள்ள இருந்தா, எந்தச் சத்தம் வந்தாலும் காசு, காசும்பாவ. அன்னைக்கு நான் சொன்னத யாரும் கேக்கல. இன்னைக்கு நீயாவது கேளு.”

அவள் காரைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், கணவரின் உதடு துடிப்பதைப் பார்த்தாள். நயினார் கப்பைக் கழற்றினார். சந்தனமாரி துணி முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். “சாமி கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும்” என்றாள்.

மந்திரமூர்த்தி காரை நகர்த்தினார். கோயிலை வலமாக வைத்து நடை வேகத்தில் வீதியைச் சுற்ற, பிள்ளையும் நயினாரும் சந்தனமாரியும் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தார்கள். ஒவ்வொரு திருப்பமும் வலப்பக்கமாகவே வந்தது. ஒரு சத்தமும் இல்லை.

“பாத்தீரா வே?” என்றார் நயினார். “காசு போச்சு, சத்தமும் போச்சு.”

“நேரம் ஆவுதுடே, மூட்டைய எறக்கு” என்றார் பிள்ளை.

மந்திரமூர்த்தி இறக்கவில்லை. “இது வலப்பக்கத் திருப்பம். இடப்பக்கம் திரும்புனாத்தான் பேசும். எதிர்ப்பக்கமாச் சுத்தணும்.”

பிள்ளையின் முகம் மாறிவிட்டது. “என்னலே சொல்லுத? ரத வீதியில இடம் சுத்துவியா? தேரு வார வழிக்கு எதிரா? பொணத்தக்கூட இந்த வீதியில அப்படிக் கொண்டுபோவ மாட்டான்! எம் மவ வயித்துப் புள்ளையோட அங்க காத்துக்கிட்டு இருக்கா, நீ இங்க...”

வாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எவரோ “இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு” என்றார்கள். மந்திரமூர்த்திக்கும் பயம்தான். பிறந்தது முதல் அந்த வீதியை அவர் இடமாகச் சுற்றியதில்லை. இப்போது சுற்றி, சத்தமும் வராமல் போய்விட்டால், இந்த ஊரில் அவர் வண்டியில் ஏற ஆள் இருக்காது. அதோடு தன் காதும் பொய் என்று ஆகிவிடும்.

காரைத் திருப்பினார்.

கோபுரம் இடப்பக்கம் வந்தது. முன்கண்ணாடியில் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் மூலையில் ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். மூட்டைகள் சரிந்து வலப்பக்கம் அழுந்தின.

டிக். டிக். டிக்.

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நயினார் நின்றுவிட்டார். “நிறுத்தும் வே” என்றார். குரல் மாறியிருந்தது. “அங்கனயே நிறுத்தும்.”

சக்கரத்தைக் கழற்றி மண்ணில் படுக்கவைத்தார்கள். செம்மண்ணும் எண்ணெயும் பிடித்துக் கறுத்திருந்தது. நயினார் மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லி, நட்டுத் துளைகளைச் சுற்றித் துணியால் தேய்த்தார். தலைமயிர் போன்ற ஒரு கோடு தெரிந்தது. ஒரு துளையில் தொடங்கி அடுத்த துளைக்கு ஓடி, அதையும் தாண்டியிருந்தது. ஜாக்கிக் கம்பியைத் துளையில் விட்டு நெம்பினார். இரும்பு வாயைத் திறந்து மூடியது. டிக்.

“நட்டு எறுக்கமாத்தான் இருந்துது” என்றார் நயினார், எவரிடமும் என்றில்லாமல். “சக்கரத்துத் தட்டே பொளந்திருக்கு. காசப் பாத்ததும் நான் கப்ப மூடிட்டேன்.”

பிள்ளை குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

தன் காது பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் மந்திரமூர்த்திக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்தருவியில் ஏற்றிய குழந்தைகள், பேரருவிக்குப் போன குடும்பம், ஆள் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் எஞ்சினை அணைத்துப் பார்த்த தன் புத்தி, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஸ்டெப்னியப் போட்டுட்டுப் போவலாமா?” என்று பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

“மத்த மூணையும் கழத்திக் கழுவிப் பாத்துட்டு. ஸ்டெப்னியையும்.”

“எமகண்டம் வந்துருமேடே.”

“வரட்டும் அண்ணாச்சி.”

பிள்ளை பண்ணையாள்களிடம் மூட்டைகளை இறக்கச் சொன்னார். எல்லாச் சக்கரங்களும் கழுவப்பட்டு, வெயிலில் புரட்டிப் பார்க்கப்பட்டு, திரும்ப மாட்டப்பட்டன. நயினார் கேட்காமலேயே சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எமகண்டம் கழிந்த பிறகுதான் கார் ரத வீதியை விட்டது. மலையில் ஏறும்போது மந்திரமூர்த்தி நிறுத்தி நிறுத்தி நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். ஆரியங்காவில் சந்தனமாரி இறங்கிப் போய் நேர்ச்சையைச் செலுத்திவிட்டு வந்தாள். முன்பு கார் முட்டிய மரம் நின்ற வளைவில் அவர் கண்ணை நேராக வைத்துக்கொண்டு ஓட்டினார்.

புனலூரிலிருந்து திரும்பும்போது நாச்சியார் பின் இருக்கையில் சந்தனமாரியின் தோளில் சாய்ந்திருந்தாள். சாரல் விட்டிருந்தது. கார் மாட்டு வண்டியின் வேகத்தில் மலையேறியது.

“எனக்காகவா அண்ணாச்சி இவ்வளவு பைய ஓட்டுதீங்க?” என்று அவள் கேட்டாள். “எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் செய்யல. கொஞ்சம் வெரசாவே போங்க.”

“ஒங்களுக்காக இல்லம்மா” என்றார் மந்திரமூர்த்தி. “எனக்குப் பயமா இருக்கு.”

ஒரு டிரைவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. சிரிக்கலாமா என்று தந்தையைப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த தில்லைநாயகம் பிள்ளை தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, காதைச் சாலைப் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துச் சந்தனமாரியும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். அடுத்த இடப்பக்க வளைவு வந்தபோது அந்தக் காரில் எவரும் மூச்சுகூட விடவில்லை.